விலையெல்லாம் வயிற்றிலே!

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பைக் கண்டால் ஓடாமல், பணப்பையைத் திறக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்! அவர்கள் தேடுவது நல்ல பாம்பும் அல்ல, விரியனும் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில், எலி வளைகளில் பதுங்கி வாழும் ஒரு குட்டை மலைப்பாம்பு.

அமெரிக்கர் இதற்கு இட்ட பெயர் 'பால் பைத்தான்'. அதாவது பந்து மலைப்பாம்பு. பயந்தால் சீறாது, கடிக்க வராது. தலையை நடுவில் மறைத்துக்கொண்டு உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பிரிட்டனில் இதையே 'ராயல் பைத்தான்' என்று ராஜ மரியாதையோடு அழைக்கிறார்கள். நீளம் பெரும்பாலும் 3 அடி முதல் 5 அடி வரை. விஷம் கிடையாது. கறுப்பும் பழுப்பும் கலந்த மேனி. இவ்வளவுதான் இயற்கை கொடுத்த உருவம்.

நிறத்துக்கு ஒரு சந்தை

இந்தச் சாதாரண உருவத்துக்கு அங்கே விலை குறைவு. நிறம் மாறிப் பிறந்த பாம்புக்குத்தான் கிராக்கி. இப்படிப் பரம்பரையாக வரும் நிற மாற்றத்துக்கு 'மார்ப்' என்று பெயர். 1992-ல் பாப் கிளார்க் என்ற அமெரிக்கர் வெண்மையும் மஞ்சளுமான 'அல்பினோ' பாம்பு பரம்பரைக் குணத்தால் வருவது என்று இனப்பெருக்கம் செய்து காட்டினார். அன்றிலிருந்து இந்தப் பித்து வளர்ந்துகொண்டே போகிறது. ஒன்றோடொன்று கலந்து இன்று ஆயிரக்கணக்கான நிறச் சேர்க்கைகள் வந்துவிட்டன.

அமெரிக்காவில் டின்லி பார்க், ஜெர்மனியில் ஹாம் ஆகிய ஊர்களில் கூடும் பாம்புச் சந்தைகளைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைப்பதுபோல், மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்களில் குட்டிப் பாம்புகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. அதில் இனத்தின் பெயர், ஆணா பெண்ணா என்ற விவரம், விலை.

கண்ணுக்குத் தெரியாத சொத்து

வெள்ளைப் பாம்பை வாங்குவதில் சிரமம் இல்லை. வெள்ளை வெள்ளைதான், குழந்தைகூடச் சொல்லிவிடும். சிக்கல் எல்லாம், பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும் மார்ப்களில்தான். அவற்றில் பெயர் பெற்றது 'எல்லோ பெல்லி'. மஞ்சள் வயிறு என்று பொருள்.

முதுகைப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. குட்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கவேண்டும். வயிறு புள்ளியில்லாமல் துப்புரவாக இருக்கும். வயிற்றின் இரு ஓரங்களிலும் கட்டம் கட்டினாற்போல் ஓர் அடையாளம் ஓடும். விலாப்பக்கத்தில் வெளிர் நிறம் தீச்சுடர்போல் மேலே எழும்பும். ஆனால் சாதாரணப் பாம்பிலும் சில இப்படிச் சுத்தமான வயிற்றோடு பிறப்பதுண்டு. பழகிய கண்களே ஏமாந்துபோகும் இடம் இது!

அப்படியானால் இதற்கு ஏன் தனி விலை? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. மஞ்சள் வயிற்று ஆணையும் மஞ்சள் வயிற்றுப் பெண்ணையும் சேர்த்தால், குட்டிகளில் சில பால் வெள்ளையாகப் பிறக்கும்! முதுகில் மட்டும் மங்கலான ஒரு மஞ்சள் கோடு. அதற்கு 'ஐவரி', அதாவது தந்தம் என்று பெயர். சாதாரணமாகத் தோன்றும் இரண்டு பாம்புகளுக்கு வெள்ளைக் குட்டி பிறந்தபோதுதான், பெற்றோரின் வயிற்றில் இருந்த செல்வம் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆறு முட்டை, ஒரு கணக்கு

இதன் கணக்கு கடினமானதல்ல. எந்தப் பிள்ளைக்கும் தாயிடமிருந்து ஒரு பங்கு, தந்தையிடமிருந்து ஒரு பங்கு. மஞ்சள் வயிற்றுப் பாம்பிடம் அந்தச் சிறப்புக் குணம் ஒரு பங்குதான் உண்டு, மற்றது சாதாரணம். ஆகவே இருவரும் மஞ்சள் வயிறானால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று ஐவரி, இரண்டு மஞ்சள் வயிறு, ஒன்று சாதாரணம்.

சராசரி என்பது உத்தரவாதம் அல்ல என்பதை மறக்கக்கூடாது. ஒரு தாய் ஆறு முட்டை இட்டால் ஒன்றாவது ஐவரியாக வரும் என்று நினைப்போம். ஆனால் நூற்றுக்குச் சுமார் 18 தடவை ஆறில் ஒன்றுகூட வெள்ளையாக இராது! பெண் பாம்பு முட்டையிடும் வயதுக்கு வளர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டு மாதங்கள். மூன்று ஆண்டு எலி போட்டு வளர்த்து, பொரிக்கும் நாளில் வெள்ளைக் குட்டி இல்லாமல் போனால், அது துரதிர்ஷ்டமா, அல்லது விற்றவர் மஞ்சள் வயிறென்று சொல்லிச் சாதாரணப் பாம்பைத் தள்ளிவிட்டாரா? வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அல்பினோ போன்ற ஒளிந்திருக்கும் குணங்களில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். குணத்தை மறைத்து வைத்திருக்கும் இரண்டு பாம்புகளைச் சேர்த்தால், சாதாரணமாகத் தோன்றும் குட்டிகள் மூன்றில் இரண்டு அந்தக் குணத்தைச் சுமக்கும். எந்த இரண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் '66 சதவிகிதம்' என்று சீட்டு எழுதி விற்கிறார்கள். பாம்பு வாங்குகிறோமா, லாட்டரிச் சீட்டு வாங்குகிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும்!

சட்டை சொல்லும் சாட்சி

நல்லவேளையாக, இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. பாம்பு உரித்துப் போட்ட சட்டையில் ஒரு துண்டைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால், பல மார்ப்களுக்குக் குணம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள். கிழக்கு மிஷிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும், பாம்பு வளர்ப்போர் அனுப்பிய சட்டைகளைக் கொண்டே சில நிற மாற்றங்களின் மூலத்தைக் கண்டுபிடித்து 2022-ல் வெளியிட்டார்கள். மனிதர்களில் சிலரை வெண்மேனியோடு பிறக்கவைக்கும் அதே மரபணுக்கள்தாம் பாம்பிலும் அந்த வேலையைச் செய்கின்றன!

அனுபவசாலிகள் சொல்லும் யோசனையும் எளியது. சீட்டை நம்பாதே. தாய் தந்தையைக் காட்டச் சொல். பிறந்த தேதி, எடை, இரை தின்ற கணக்கு எல்லாவற்றையும் கேள். உன் கண் முன் ஒரு தடவை இரை தின்னட்டும். ஏனென்றால் இந்தப் பாம்பு பிடிவாதக்காரப் பாம்பு. மனம் ஒவ்வாவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்!

அழகுக்கு ஒரு தண்டனை

எல்லா நிறமும் தீங்கில்லாதது அல்ல. சிலந்தி வலைபோன்ற கோடுகளுள்ள 'ஸ்பைடர்' மார்ப் மிக அழகானது. ஆனால் அந்த அழகோடு ஒரு நோயும் ஒட்டிப் பிறக்கிறது. தலை ஆடும், சில பாம்புகள் தடுமாறித் தலைகீழாகத் திரும்பும், இரையைக் குறி பார்த்துப் பிடிக்கத் திணறும். இதை இனப்பெருக்கம் செய்வது நியாயமா என்று வளர்ப்போரிடையே பெரிய வாதமே நடக்கிறது. வலி என்று சொல்லப் பாம்புக்கு வாய் இல்லை, வாங்குகிறவர்தான் யோசிக்கவேண்டும்.

குட்டி எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். கானா, டோகோ, பெனின் நாடுகளில் வளைகளைத் தோண்டிச் சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் எடுத்து, குட்டிகளைப் பெட்டி பெட்டியாக ஏற்றுமதி செய்து வந்திருக்கிறார்கள். அதே பெனின் நாட்டில் வீடா நகரத்தில் இந்தப் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது! இரவில் வெளியே போன பாம்பு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், விருந்தாளியாக வைத்திருந்து கோயிலில் கொண்டுவந்து விடுவார்களாம். ஒரு பக்கம் தெய்வம். மறு பக்கம் சரக்கு!

நம் சென்னைக்கும் இந்தச் சரக்கு வந்ததுண்டு. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து வந்து விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது, 45 பந்து மலைப்பாம்புகள் இருந்தன. உரிய அனுமதியில்லாமல் இவற்றை இங்கே கொண்டுவருவது குற்றம். இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்யவேண்டும் என்று 2024-ல் விதியும் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் செயின்ட் லூயி மிருகக்காட்சி சாலைக்கு 1961-ல் வந்த ஒரு பெண் பந்து மலைப்பாம்பு, அறுபது வயதைத் தாண்டி 2020-ல் முட்டையிட்டது. அதுவும் பல ஆண்டுகளாக ஆண் துணையே இல்லாமல்! வீட்டில் வளரும் பாம்பும் இருபது, முப்பது ஆண்டுகள் இருக்கும். நிறத்தின் மோகம் நாலு வருஷத்தில் மாறிவிடும். ஒரு காலத்தில் பல ஆயிரம் டாலருக்குப் போன அல்பினோ இன்று சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. விலை விழுந்துவிட்டது என்று பாம்பு பசிக்காமல் இருக்குமா? மஞ்சள் வயிறானாலும் வெள்ளை வயிறானாலும் வயிறு வயிறுதானே!