வீட்டுத் தையலும் துணி இருப்புக் கணக்கும்
(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

நமது சங்கங்களில் நூலுக்குக் கணக்கு உண்டு. பாவுக்குக் கணக்கு உண்டு. தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு துணிக்கும் கணக்கு உண்டு. விளைவிப்போர் சங்கத்தில் பருத்தி நிறுக்கப்படாமல் உள்ளே போவதில்லை. ஆனால் அந்தப் பருத்தி நூலாகி, நூல் துணியாகி, துணி ஒரு வீட்டிற்குள் புகுந்து தையல் இயந்திரத்தின் அருகே உள்ள டிரங்குப் பெட்டியை அடைந்தவுடன் கணக்கு நின்றுவிடுகிறது. பெட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருடையது என்று கேட்டால், "இருக்கிறது, பார்க்கவேண்டும்" என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது.

இன்று அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் தையல் ஒரு துணைத்தொழில். சத்துணவுத் திட்டத்தில் உணவு பெறும் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் தைத்துத் தருகின்றனர். அதற்குரிய துணி நெசவாளர் சங்கங்களிலிருந்து வருகிறது. அக்கம்பக்கத்தாரின் ரவிக்கையும் பாவாடையும் தைப்போர் எண்ணற்றோர். தம் பிள்ளைகளுக்கு மட்டும் தைப்போரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் பயன்படக்கூடிய எளிய இருப்பு முறையொன்றை இங்கே விளக்க விரும்புகிறேன்.

ஆறு மீட்டர் குறைவு

முறையைக் கூறுமுன், அதன் அவசியத்தை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். நான் பணியில் சேர்ந்த புதிது. தையல் சங்கம் ஒன்றில் இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தலையணை உறை தைப்பதற்காக அங்கத்தினர் ஒருவருக்கு, துண்டொன்றுக்கு 20 மீட்டர் வீதம் 10 துண்டுத் துணி, ஆக 200 மீட்டர் வழங்கியதாகப் பதிவேடு கூறியது. உறை ஒன்றுக்கு 80 சென்டிமீட்டர் என்பது சங்கத்தின் விகிதம். அதன்படி 250 உறைகள் வந்திருக்கவேண்டும். வந்தவை 240. இதற்குச் செலவான துணி 192 மீட்டர். மீதித் துணியாக அவர் ஒப்படைத்த சிறு மூட்டையில் 2 மீட்டர் இருந்தது. ஆக 6 மீட்டர் குறைவு.

"குறைவு 6 மீட்டர், கிரயத்தை அங்கத்தினரிடமிருந்து வசூலிக்க" என்று நான் குறிப்பு எழுதிவிட்டேன். செய்தி அறிந்து அந்த அம்மையார் மறுநாள் வந்தார். அவர் சண்டையிடவில்லை. "ஐயா, வந்த துணியைத் தைத்தேன், மீந்ததைக் கொடுத்தேன். துண்டுக்கு ஒரு பிசிர்தான் மீந்தது" என்று மட்டும் கூறி நின்றார். ஆறு மீட்டரின் கிரயம் பெருந்தொகையன்று; அதை அவர் கட்டியிருப்பார். ஆனால் அந்தக் குறிப்பு பதிவேட்டில் உள்ளவரை அவருடைய பெயரும் அதனுடன் இருக்கும். அடுத்த முறை துணி வழங்கும்போது காரியதரிசி தயங்குவார்.

"துண்டுக்கு ஒரு பிசிர்" என்ற சொல் என்னைச் சிந்திக்கச் செய்தது. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உள்ள பத்துச் சிறு துண்டுகள் இருந்தன. துணி உண்மையிலேயே 20 மீட்டர் இருந்திருந்தால் துண்டுக்குச் சரியாக 25 உறைகள் ஆகும், மீதமே இராது. 24 உறைகளும் ஒரு பிசிரும் வருமானால் துண்டின் நீளம் சுமார் 19 மீட்டர் 40 சென்டிமீட்டராக இருந்திருக்கவேண்டும். அதே கட்டில் வந்த துண்டுகள் சில கிடங்கில் மீதியிருந்தன. அவற்றை மேசைமீது இழுக்காமல் பரப்பி அளந்தோம். எல்லாம் 19.30-க்கும் 19.50-க்கும் இடையில் இருந்தன.

இதில் திருட்டும் இல்லை, வஞ்சனையும் இல்லை. தறியில் பாவு இழுவிசையுடன் இருக்கிறது. இறக்கியவுடன் இழுத்துப் பிடித்து அளந்தால் ஓர் அளவு. மடித்து வைத்துத் தளர்ந்தபின் அளந்தால் மற்றோர் அளவு. வழங்கியவர் சீட்டைப் பார்த்து எழுதினார். பெற்றவர் அளக்காமல் கையொப்பமிட்டார். நானோ இரு கையொப்பங்களையும் நம்பி ஒருவர்மீது பழி எழுதினேன். என் குறிப்பை நானே அடித்து, காரணத்தையும் எழுதிக் கையொப்பமிட்டேன். கிடங்கில் மீதித் துண்டுகள் இருந்தது தற்செயல். அவை விற்றுப்போயிருந்தால் அந்த அம்மையாருக்குச் சாட்சியே இல்லை. வாங்கிய அன்று அவர் அளந்து ஒரு வரி எழுதி வைத்திருந்தால் இத்தனை துன்பமும் நேர்ந்திராது.

முதற்படி: யாருடைய துணி?

வீட்டிலுள்ள துணி முழுவதையும் ஒரு நாள் வெளியே எடுத்துப் பாயில் பரப்புங்கள். நிறம், வகை முதலியவற்றைப் பிறகு பார்க்கலாம். முதலில் உடைமையால் மூன்றாகப் பிரியுங்கள்: சொந்தத் துணி, வாடிக்கையாளர் கொடுத்த துணி, சங்கத்தின் துணி. இம்மூன்றும் ஒருபோதும் ஒரே பெட்டியில் இருக்கலாகாது. பிறர் துணி நம்மிடம் உள்ள அடைக்கலப் பொருள். அதன் வெட்டு மீதியும் அவர்களுடையதே. அவர்கள் வேண்டாமென்றால்தான் நம்முடையதாகும். இட வசதி இல்லாத வீட்டில் மூன்று நிறத் துணிப் பைகள் போதும்.

அடுத்து, சொந்தத் துணியை வகையால் பிரிக்கவேண்டும். பருத்தி, பட்டு, செயற்கை இழை, கலப்பு என்ற நான்கு பிரிவுகள் வீட்டிற்குப் போதுமானவை. எது என்று ஐயம் ஏற்பட்டால் ஓரத்திலிருந்து சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் அருகில் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் நாற்றத்துடன் எரியும். அதன் கரி விரலில் நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, நொறுங்காத கெட்டி மணியாகும். கலப்புத் துணி இரண்டின் குணத்தையும் காட்டும்.

இரண்டாம்படி: அளத்தல்

அளவுக்கு மூன்று விதிகள். ஒன்று, துணியை இழுக்காமல் சமதளத்தில் பரப்பி அளக்கவேண்டும். இரண்டு, நீளத்துடன் அகலத்தையும் ஒரு கரையோரத்திலிருந்து மறு கரையோரம்வரை அளந்து எழுதவேண்டும். 90 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு மீட்டரும் 110 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு மீட்டரும் ஒன்றல்ல. மூன்று, ஒரே அலகைக் கையாளவேண்டும். மீட்டர் முறைக்கு வழிவகுத்த சட்டம் 1956-இல் நிறைவேறியது. எனினும் கெஜம் நம் நாவைவிட்டுப் போகவில்லை. ஒரு கெஜம் 91.44 சென்டிமீட்டர். "ஐந்து" என்று மட்டும் எழுதி வைத்து, அது கெஜமா மீட்டரா என்று மறந்தால் 43 சென்டிமீட்டர் வேறுபாடு வரும்.

பருத்தித் துணியில் மற்றொரு வேறுபாடும் உண்டு. அது முதல் நனைப்பில் சுருங்கும். எவ்வளவு என்பது துணிக்குத் துணி மாறும். ஆகவே துணியில் 50 சென்டிமீட்டர் நீளத்தை இரு முனையிலும் நூலால் குறித்து, நனைத்து நிழலில் உலர்த்தி, மீண்டும் அளந்து பாருங்கள். 48 ஆகியிருந்தால் நூற்றுக்கு நான்கு சுருக்கம். அத்தகைய துணியில் 3 மீட்டர் வேண்டுமானால் 3 மீட்டர் 12½ சென்டிமீட்டர் வாங்கவேண்டும். அப்பொழுதே ஈரத்துணியை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால், சாயம் விடுமா என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாம்படி: சீட்டும் ஏடும்

ஒவ்வொரு துணிக்கும் ஓர் எண் கொடுங்கள். அட்டைச் சீட்டில் அந்த எண்ணையும் நீளத்தையும் எழுதி நூலால் கட்டுங்கள். குண்டூசி வேண்டாம், மழைக்காலத்தில் அது துருப்பிடித்துக் கறையாக்கும். பின்னர் ஒரு சாதாரணக் கோட்டு நோட்டில், துணிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் தலையில் எண், வகை, நிறம், அகலம், வாங்கிய நாள், வாங்கிய இடம், மீட்டர் விலை ஆகியவற்றை எழுதி, அருகே இரண்டு விரற்கடை அளவுள்ள மாதிரித் துண்டைத் தைத்துவிடுங்கள். பெட்டியைத் திறக்காமலே, கடைக்கு ஏட்டை மட்டும் எடுத்துச் சென்று பொருத்தமான நூலும் பொத்தானும் வாங்க இது உதவும். கீழே நான்கு பத்திகள் போதும்: நாள், விவரம், வரவு அல்லது செலவு, மீதி.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பூப்போட்ட பருத்தித் துணி வரவு 5.00 மீட்டர். நனைத்து உலர்த்தியதில் சுருக்கம் 0.20, மீதி 4.80. மகளுக்குச் சட்டை 1.60; மீதி 3.20. தலையணை உறை இரண்டுக்கு 1.60, மீதி 1.60. இந்தக் கடைசி எண்தான் ஏட்டின் பயன். அடுத்த சட்டைக்குத் துணி இருக்கிறது, வாங்க வேண்டியதில்லை என்று அது கூறுகிறது. சுருக்கத்தையும் செலவாக எழுதியதைக் கவனியுங்கள். எழுதாவிடில் ஆண்டிறுதியில் 20 சென்டிமீட்டர் காணாமற்போனதாகத் தோன்றும்.

வாடிக்கையாளர் துணிக்கு ஏட்டின் பின்பக்கத்தை ஒதுக்குங்கள். கொடுத்தவர் எதிரிலேயே அளந்து, நீளம், அகலம், ஏற்கெனவே உள்ள கிழிசல் அல்லது கறை, தைக்கவேண்டிய உடுப்பு, திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை எழுதி அவரிடம் படித்துக் காட்டுங்கள். சங்கத் துணியையும் பெறுமிடத்திலேயே அளந்து, உண்மை அளவுக்கே கையொப்பமிடுங்கள். "நேரமில்லை" என்று காரியதரிசி கூறினால், கட்டுக்கு இரண்டு துண்டுகளையாவது அளக்கும்படி கேட்பது அங்கத்தினரின் உரிமை; அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வெட்டு மீதிகள்

பெட்டியைக் குழப்புவன பெரிய துணிகளல்ல, சிறு துண்டுகளே. அவற்றுக்கு ஒரு வரம்பு வகுத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டருக்கு மேற்பட்டது ஏட்டில் மீதியாகவே இருக்கட்டும். அதற்குக் குறைந்து ஒரு சாணுக்கு மேற்பட்டதைச் சுருட்டி, "பை, கழுத்துப்பட்டி, குழந்தைச் சட்டை" என எழுதிய பையில் இடுங்கள். ஒரு சாணுக்கும் குறைந்தது ஒட்டுப்போடவும் மெத்தைக்குள் திணிக்கவும் ஆகும். அதற்குக் கணக்கு வேண்டா. ஆனால் சங்க வேலையின் பிசிர்களை மட்டும் வேலை ஒப்புக்கொள்ளப்படும்வரை தனியே வைத்திருங்கள். அவை எத்தகைய சாட்சி சொல்லக்கூடும் என்பதை மேலே கண்டோம்.

பாதுகாப்பு

கஞ்சி போட்ட துணியை இராமபாணப் பூச்சி நாடும். ஈரம் பட்டால் பூஞ்சையும் பிடிக்கும். ஆகவே நெடுநாள் வைக்கும் பருத்தியைக் கஞ்சி நீங்க அலசி, நன்கு உலர்த்தி வையுங்கள். பட்டையும் சரிகையையும் பழைய மெல்லிய பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஈரத்தைச் சிறைப்படுத்தும் பிளாஸ்டிக் பை வேண்டாம். உலர்ந்த வேப்பிலையோ வசம்போ சிறு முடிச்சாகக் கட்டிப் போடலாம். அந்துருண்டை பயன்படுத்தினால் அது துணியின்மேல், முக்கியமாகச் சரிகையின்மேல், நேரே படலாகாது. குழந்தைகள் கைக்கும் எட்டலாகாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடக்கும் துணி அந்த இடத்தில் நைந்து இற்றுவிடும்.

ஆண்டிற்கு ஒரு நாள்

சங்கங்கள் மார்ச் 31-இல் இருப்பெடுக்கின்றன. வீட்டிலும் அன்றே எடுக்கலாம். ஏட்டைப் பார்த்துத் துணியைத் தேடாமல், முதலில் துணியை அளந்து சீட்டில் எழுதி, பிறகு ஏட்டுடன் ஒப்பிடுங்கள். ஏட்டை முதலில் பார்த்தால் கண் அந்த எண்ணையே காணும். வேறுபாடு இருந்தால் எண்ணை அழித்துத் திருத்தாமல், காரணத்துடன் ஒரு வரி எழுதுங்கள். இரண்டாண்டாக வெட்டப்படாத துணிக்கு நேரே ஒரு புள்ளி இடுங்கள். தீபாவளித் தள்ளுபடியில் மலிவென்று வாங்கிய துணிகள் எத்தனை புள்ளி பெறுகின்றன என்று பார்த்தால், அடுத்த தீபாவளிக்கு எவ்வளவு வாங்கலாம் என்பது விளங்கும். பெட்டியில் உறங்கும் துணி, உறங்கும் பணமே.

இவை அனைத்திற்கும் வேண்டியது ஒரு நோட்டு, ஓர் அளவுநாடா, துணிக்கு ஐந்து நிமிடம். கணக்கு என்றால் ஆய்வாளர் வரும் நாளுக்கு உரியது என்று சிலர் எண்ணுகிறார்கள். என் அனுபவம் வேறு. நேர்மையானவருக்குத்தான் கணக்கு அதிகம் தேவை. அவரிடம் தம் சொல்லைத் தவிர வேறு சாட்சி இருப்பதில்லை. என்னைப்போன்ற ஒருவன் அவசரத்தில் தவறாக எழுதும் நாளில், அளந்து எழுதிய ஒரு வரி அவருக்காகப் பேசும். அங்கத்தினர்கள் இம்மாதமே தொடங்குவார்களாக.