சொந்தப் பாட்டுக்கு ஒரு மேடை

கொல்கத்தா நகரில் மாலை வேளையில் பாட்டொலி கேளாத தெரு அரிது. ஒரு வீட்டில் ஹார்மோனியத்துடன் ரவீந்திர சங்கீதம். அடுத்த வீட்டு மாடியில் கிடார். நம்மவர் குடியிருக்கும் வீடாயின் சுருதிப் பெட்டி. இத்தகைய ஊரில் பல்லாண்டுகள் வாழ்ந்தும், இளைஞர்கள் தாமே பாட்டு இயற்றி, தாமே மெட்டமைத்து, தாமே பாடும் கச்சேரி ஒன்றைச் சென்ற மாதம்வரை நாம் கேட்டதில்லை. கேட்க விரும்பியதுமில்லை என்பதே உண்மை.

நம்முடன் ரயில்வே அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவரின் மகன் கல்லூரி மாணவன். சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் தன் பாட்டைப் பாட அவன் பத்து நிமிடம் கேட்டான். "சொந்தப் பாட்டா? சினிமாப் பாட்டு ஏதேனும் பாடேன்" என்று கூறி மறுத்தவர்களுள் நாமும் ஒருவர். அப்பிள்ளை அதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல், "மாமா, நீங்களும் மாமியும் அவசியம் வரவேண்டும்" என்று நுழைவுச் சீட்டுக் கொடுத்தபோது, நமக்கு மறுக்க வாயில்லை.

இடம் தென் கொல்கத்தாவில் ஒரு சிறு கிளப். எண்பது நாற்காலிகள், கட்டணம் 200 ரூபாய். நான்கு குழுவினரும் தனிப் பாடகர் இருவரும் பாடினர். முதற் குழுவின் டிரம் ஓசையில் சொற்கள் யாவும் அமுங்கிப்போயின. எழுந்து போய்விடலாமா என்று நாமும் நம் மனைவியும் கண்ணாற் பேசிக்கொண்டோம். நல்லவேளை, போகவில்லை. அடுத்து ஒரு பெண் கிடாருடன் தனியே வந்து நின்றாள். 1873-இல் இந்நகரில் முதன்முதலாக ஓடிய டிராம் வண்டி, இன்று பெரும்பாலான தடங்களில் நின்றுபோய், தண்டவாளத்தின்மேல் தார் ஊற்றப்படுவதைப் பற்றியது அவள் பாட்டு. இரும்புத் தடத்தை நம்பிப் பிழைக்கும் நம் நெஞ்சை அது தொட்டதில் வியப்பில்லை.

வங்காளத்தில் இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1970-களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாயரும் தோழர்களும் 'மொஹீனேர் கோராகுலி' என்னும் குழுவை அமைத்தனர். 'மொஹீனின் குதிரைகள்' என்பது பொருள். கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து எடுத்த பெயர். 1977-இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது வரவேற்றோர் சிலரே. குழு கலைந்த பிறகே புகழ் ஓங்கிற்று. 1992-இல் சுமன் சட்டோபாத்யாயர், அதாவது இன்றைய கபீர் சுமன், 'தொமாகே சாய்' என்ற பாடற் தொகுப்பை வெளியிட்டார். நகர மாந்தரின் அன்றாட வாழ்வைப் பாடிய அத்தொகுப்புக்குப் பின், தாமே எழுதிப் பாடுவோர் பெருகினர். 1998-இல் தோன்றிய 'ஃபாசில்ஸ்' போன்ற குழுக்களுக்கு இன்று இளைஞர் கூட்டம் அலைமோதுகிறது.

நமக்கு மட்டும் இது புதிதோ? சாகித்தியமும் இசையும் தாமே செய்பவரை வாக்கேயக்காரர் என்று நம் முன்னோர் போற்றினர். தியாகராஜரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் பாபநாசம் சிவனும் அவ்வகையினரே. ரவீந்திரநாதர் 2,000-க்கு மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். முத்துசுவாமி தீக்ஷிதரின் 'மீனாக்ஷி மே முதம்' கிருதியின் மெட்டைத் தழுவியும் ஒரு வங்காளிப் பாட்டைக் கட்டினார். கிளப்பில் பாடுவது கௌரவக் குறைவு என்போர், பம்பாயில் 1947-இல் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த உஷா உதுப் அவர்களை நினைத்துப் பார்க்கலாம். 1960-களின் இறுதியில் சென்னை இரவு விடுதியில் பாடத் தொடங்கி, பின்னர் இந்நகரின் பார்க் தெரு 'டிரிங்காஸ்' உணவகத்தில் புடவையும் பொட்டுமாய்ப் பாடிப் புகழ்பெற்றவர் அவர். 2024-இல் பத்மபூஷண் விருது அவரை நாடி வந்தது.

இறுதியில் நண்பரின் மகன் மேடையேறினான். இரண்டு வங்காளிப் பாட்டுகளுக்குப் பின் ஒரு தமிழ்ப் பாட்டு. ஊரிலுள்ள பாட்டி நாள்தோறும் தொலைபேசியில் அங்கே மழை உண்டா என்று கேட்கிறாள். இங்கே வீணே ஓடும் மழையை அவள் கிணற்றுக்கு அனுப்பப் பேரன் வழி தேடுகிறான். இவ்வளவே பொருள். மொழி அறியாத வங்காளிகளும் ஓசையின்றிக் கேட்டனர். ஆனால் ஒவ்வொரு முறையும் 'மழை' அவன் வாயில் 'மளை' ஆயிற்று.

கச்சேரி முடிந்தபின் பாட்டெழுதிய தாளைக் காட்டினான். தமிழ்ப் பாட்டு, வங்காளி எழுத்தில்! "எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது மாமா. மழையில் வரும் எழுத்து எப்படியிருக்கும்?" என்று கேட்டான். நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் 'ழ' எழுதிக் கொடுத்தோம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

குமாஸ்தாவின் பழக்கம், கணக்கையும் பார்த்தோம். வந்தவர் 72 பேர். வசூல் 14,400 ரூபாய். கூடத்திற்கும் ஒலிபெருக்கிக்கும் 9,000 போக, மீதி 5,400. பாடியவரும் வாசித்தவருமாகப் பதினெண்மர். ஆளுக்கு 300 ரூபாய். டிரம் ஏற்றிவந்த வண்டிக் கூலிக்கே பாதி போயிருக்கும். காசுக்காக அவர்கள் பாடவில்லை என்பது தெளிவு.

பெற்றோர்க்கு ஒரு செய்தி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதி வைத்தவுடனேயே உரிமை எழுதியவருடையதாகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. அவர் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்படத்திற்குக் கொடுத்த பாட்டிலும் இயற்றியவர்க்கு ஆதாயப் பங்கு உறுதி செய்கிறது. எனவே பிள்ளைகள் எழுதும் தாள்களைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பழைய காகிதத்தோடு கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பரீட்சையை எண்ணி மனம் வருந்திய நண்பர் கச்சேரிக்கு வரவில்லை. மறுநாள் அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னோம். நெடுநேரம் பேரேட்டைப் பார்த்தபடியே இருந்தவர், "தமிழிலா பாடினான்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஞாயிறு காலைகளில் அப்பிள்ளை நம் வீட்டுக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வருகிறான். வரும் சித்திரை விழாவில் நம் பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்கு அரைமணி நேரம் ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகிறோம். மறுத்தவர்களுள் ஒருவராக இருந்தமையால், கேட்கும் கடமையும் நம்முடையதே. 'ழ' வராவிட்டாலும் பாடட்டும். பாடப் பாட வரும்.