அவையும் காவலும்

பலர் கூடி உரையாடும் அவைக்குக் காவலன் ஒருவன் வேண்டுமோ, அன்றி அவை தன்னைத் தானே ஆளுமோ என்பது பழைய வினா. திருக்குறள் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களைச் சொல்வோனுக்கு வகுத்தது. அவையை ஆள்வோனுக்கெனத் தனியதிகாரம் வகுக்கவில்லை. சொல்வோன் தன்னையடக்கின் அவை தானே அடங்கும் என்பது கருத்துப் போலும். முகமறியாதார் பல்லாயிரவர் கூடும் இணைய அவைக்கும் இது பொருந்துமா? வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

யூஸ்நெட் என்னும் உரையாடற் களத்தை 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர் எண்ணினர். அடுத்த ஆண்டில் அஃது இயங்கலாயிற்று. அதற்குத் தலைமை நிலையமும் இல்லை, தலைவரும் இலர். சில குழுக்களுக்கு மட்டுறுத்துநர் பின்னர் அமைந்தனராயினும், பெரும்பாலானவற்றை வழக்கமே ஆண்டது. ஆண்டுதோறும் செப்ரெம்பரிற் புகும் புதிய மாணவர் முறையறியாது பேசுவர், பழையவர் இடித்துரைப்பர், சில வாரங்களிற் புதியவரும் முறை கற்பர். 1993 அளவில் வணிக நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் வாயிலைத் திறக்கலாயின. வருவோர் வெள்ளம் ஓயவில்லை. ‘முடிவில்லாச் செப்ரெம்பர்’ என்று அக்காலத்துக்குப் பெயரும் வந்தது. 1994 ஏப்பிரலில் வழக்கறிஞர் இருவர் தம் விளம்பரத்தை 5,000க்கு மேற்பட்ட குழுக்களிற் சொரிந்தபோது சினந்தோர் பலர். முன்னரே தடுக்க வல்லார் இலர்.

இதனாற் பெறப்படுவது யாது? வழக்கம் கற்பிக்கப்படுவது, கற்பிப்பாரினும் வருவோர் மிகுந்தால் அது நில்லாது. அப்பொழுது உரத்த குரலே களத்தை ஆளும். மெல்லிய குரலுடையோர் வாய்மூடி வெளியேறுவர். எவரும் துரத்தாவிடினும் அவர் துரத்தப்பட்டவரே.

அற்றேல், காவலனை நியமித்தல் போதுமெனின், போதாது. காரணங் கூறாது நீக்குபவன், தனக்கொவ்வாத கருத்தையும் வசையென்று நீக்கல் கூடும். நீக்கியதைப் பிறர் காணாமையின் அத்தவறு வெளிப்படுவதுமில்லை.

2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பை நோக்குக. அங்கே பங்களிப்போரே தம்முள் நிருவாகிகளைத் தெரிகின்றனர். அவர் செய்யும் தடையும் நீக்கமும் பதிவேட்டிற் காணக் கிடக்கின்றன. தீராப் பிணக்குகளை ஆராய 2004 முதல் நடுவர் குழுவும் உண்டு. பூசல் அங்கும் ஒழிந்ததில்லை. ஆயின் அதனைத் தீர்க்கும் வழியை யாவரும் அறிவர். பொதுக் காடுகளையும் மீன்பிடி நீர்களையும் பாசன வாய்க்கால்களையும் மக்கள் ஆண்ட முறையை ஆராய்ந்து 1990இல் நூல் செய்து, 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையார் கண்டதும் இதனோடொக்கும். பயன்கொள்வோர் விதி வகுத்தலிற் பங்குகொள்ளுதல், காவலர் அவர்க்குப் பொறுப்புடையராதல், தண்டனை படிப்படியாக உயர்தல் என்பன நெடுநாள் நிலைத்த அமைப்புகளின் இயல்புகள் என்றார் அவர்.

ஆதலின் தன்னாட்சியும் காவலும் ஒன்றற்கொன்று பகையல்ல. இணைய அவையொன்றிற் புகுவோர், அங்குள்ள காவலனை நியமித்தவர் யார், அவன் செயலைக் காண இயலுமா, தவறினால் அவனை மாற்ற வழியுண்டா என மூன்றையும் கேட்டறிதல் நன்று. மூன்றற்கும் விடை பகரும் அவையில், கற்றோரும் எளியோரும் அச்சமின்றி வாய்திறப்பர்.