நாற்காலி இருக்கிறது, வேலை இல்லை

இந்த நினைவுச் சொற்பொழிவில் வழக்கமாக நம் எழுத்தைப் பற்றியோ வன்கொடுமை வழக்குகளைப் பற்றியோ பேசுவோம். இன்று நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயமாகத் தெரியலாம். வேலையில் போய் உட்கார்ந்த பிறகு, 'நான் இங்கே எதற்கு இருக்கிறேன்?' என்று ஒருவருக்குத் தோன்றுவது. ஒதுக்கீட்டில் இடம் பெற்று சேலத்திலோ நாமக்கல்லிலோ ஓர் அலுவலகத்தில் சேர்ந்த நம் பிள்ளைகள் பலர் இதை வெளியே சொல்வதில்லை. வீட்டில் சொன்னால், 'சும்மா உக்காந்து சம்பளம் வாங்கக் கசக்குதா?' என்பார்கள். களை வெட்டியும் குப்பை அள்ளியும் படிக்கவைத்த வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாதுதான்.

ஆனால் இந்த உணர்வு தானாக வருவதில்லை, உண்டாக்கப்படுகிறது. அலுவலகத்தில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். ஊராட்சியில் அது வெட்டவெளிச்சமாக நடக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நம் இரண்டு மாவட்டங்களும் அதில் உண்டு. தனித் தொகுதி ஊராட்சியில் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. இப்போது கணக்கைப் பாருங்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். துணைத்தலைவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியாது. பதிவேடுகள் ஊராட்சிச் செயலர் கையில். அவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறார் என்பது ஊருக்கே தெரியும். இப்படியாக ஒரு தலைவரை அடிக்காமல், திட்டாமல், எந்தச் சட்டத்தையும் வெளிப்படையாக மீறாமல் ஒன்றுக்கும் ஆகாதவர் ஆக்கிவிடலாம். ஆறு மாதம் போனால் 'இவருக்கு ஒன்னும் தெரியாதுங்க' என்று ஊர் பேசும். கொஞ்ச நாளில் அவரே அதைச் சொல்லத் தொடங்குவார். எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசிக் கட்டம்தான்.

இது ஓர் ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டுகள் தேர்தலே நடக்கவிடவில்லை, நடந்தால் வென்றவரை உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். மேலவளவில் முருகேசன் ராஜினாமா செய்யவில்லை. 1997 ஜூன் 30 அன்று அவரும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்த படம் வெளிவந்தது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார்: சுதந்திர தினத்தன்று தலித் தலைவர்கள் கொடியேற்றத் தடை இருக்கக்கூடாது. கொடிக்கயிற்றை இழுப்பதற்கே தலைமைச் செயலாளர் கடிதம் தேவைப்பட்டது என்றால், மற்ற நாட்களில் அந்த அலுவலகத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்திலும் இதே வேலைதான், சத்தமில்லாமல் நடக்கிறது. கோப்பு மேசைக்கு வராது. கூட்டம் முடிந்த பிறகு தகவல் வரும். பயிற்சிக்குப் பெயர் போகாது. ஒரு நாள் பார்த்தால் தற்செயல். ஒரு வருடம் பார்த்தால் ஏற்பாடு. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: நமக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவருக்கு என்னென்ன வேலை இருந்தது என்று விசாரியுங்கள்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் மேசையில் தூரத்திலிருந்து எறிந்தார்கள். தங்க இடமில்லாமல் பார்சி பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அவரைவிடத் தகுதியுள்ள ஊழியர் அந்த சமஸ்தானத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தகுதிக்கும் அவர் பட்டதற்கும் சம்பந்தமே இல்லை.

டேவிட் கிரேபர் என்ற அமெரிக்க மானுடவியலாளர், செய்பவருக்கே அர்த்தமற்றதாகத் தெரியும் வேலைகளைப் பற்றி 2018இல் ஒரு நூல் எழுதினார். மாணவர்கள் அதைப் படிக்கலாம். உலகுக்கு உண்மையில் தேவைப்படும் வேலைகளுக்குத்தான் கூலி குறைவு என்று அவர் சொல்வது நமக்குப் புதிதில்லை. மேட்டூர் மின்சாரமும் பம்புசெட்டும் வருவதற்கு முன் இந்தச் சமவெளியின் கிணறுகளில் கவலை இறைத்தார்கள். அதற்கான தோல் பறியையும் தும்பியையும் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தத் தோலில் ஏறி வந்த தண்ணீரில்தான் பண்ணையம் நடந்தது. தைத்தவருக்கு அதே கிணற்றில் இறங்க உரிமையில்லை. கிரேபர் பேசுவது வேலையே வெற்றாக இருப்பதைப் பற்றி. நம் விஷயத்தில் வேலை நன்றாகவே இருக்கிறது, ஆளைப் பார்த்து அது காலி செய்யப்படுகிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் மனநல ஆலோசனையோடு பேச்சு முடிந்துவிடும். ஆலோசனை வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கம் கெட்டவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டும்.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடி உள்ளாட்சிப் பிரதிநிதியை அவருடைய வழக்கமான கடமைகளைச் செய்யவிடாமல் தடுப்பதே குற்றம். வன்முறையோ வசையோ தேவையில்லை. நம் தலைவர்களிலேயே பலருக்கு இந்தப் பிரிவு தெரியாது. ஊழியரைக் கோப்பு கொடுக்காமல் உட்காரவைப்பதை இவ்வளவு நேராகக் குறிப்பிடும் பிரிவு அதில் இல்லை. அங்கே நாமே ஆதாரம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரி 5இல் நம் மாவட்டங்களின் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அடுத்த தேர்தலில் நிற்க நினைக்கும் தோழர்கள், வென்றால் பதவியேற்ற அன்றே தீர்மானப் புத்தகத்தையும் கணக்குப் பதிவேடுகளையும் எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தக் கோப்பு எப்போது வந்தது, வராதது யாருக்குப் போனது, எந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை என்று தேதி போட்டு எழுதுங்கள். மன்றத்தின் மாதக் கூட்டத்தில் அவற்றை வாசிக்க அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செயலாளர் சரி என்றிருக்கிறார்.