நாகையின் செங்கற் கோபுரம்

தறியோசையில் வளர்ந்த எனக்குப் பழைய துறைமுகம் என்றால் மாமல்லபுரம்தான். நாகப்பட்டினத்தின் கதையைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

முதலாம் இராசராசன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் நாகையில் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் பௌத்த விகாரம் எழுப்பினான். சிவபக்தனான சோழன் 1006-இல் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயையே அளித்தான்! அதைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து சென்று, 'லெய்டன் செப்பேடுகள்' என அயலூர்ப் பெயர் பெற்றன.

பின்னர் பாண்டியர், விசயநகரத்தார், தஞ்சை நாயக்கர், போர்த்துக்கீசியர். 1658-இல் டச்சுக்காரர், 1781-இல் ஆங்கிலேயர். டச்சுக்காரரை இங்கு இழுத்தது நம் துணி. அதைக் கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினர். பிள்ளையார்பாளையத்தில் தறியில் அமர்ந்திருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நெய்தவனுக்குக் கூலி என்ன கொடுத்தானாம்?" என்றார். அரசர் பட்டியலில் அதைத் தேட என் புத்திக்கு எட்டவில்லை.

இத்தனை ஆட்சிகளையும் பார்த்து நின்றது ஒரு செங்கற் கோபுரம். மாலுமிகளுக்கு அதுவே கரையடையாளம். ஐரோப்பியர் அதைச் 'சீனக் கோபுரம்' என்றனர். கட்டடம் எழுப்ப வேண்டி இயேசு சபையார் அனுமதி கேட்க, ஆங்கில அரசும் கொடுத்தது. 1867-இல் கோபுரம் இடிக்கப்பட்டது. நாகை மண்ணில் கிடைத்த வெண்கலப் புத்தர்கள் பலரைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.