எழுத்து, ஒலி, ஒலியன்

ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்கள் மொழிப்பாடத்தில் பல கலைச்சொற்களைப் படிக்கிறார்கள். ஒலியன், மாற்றொலி, குற்றியலுகரம் என்று பட்டியல் நீளும். தேர்வு முடிந்ததும் பெரும்பாலானவை மறந்துபோகும். ஆனால் வகுப்பில் ஒரு குழந்தையின் ஏட்டைத் திருத்தும்போதுதான் இச்சொற்கள் உண்மையில் தேவைப்படுகின்றன. தவறு எங்கிருந்து வந்தது என்று அறியாமல் சிவப்பு மையால் கோடிடுவது, நோய் அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தொண்டையின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு 'அப்பா' என்று மெல்லச் சொல்லுங்கள். நடுவில் அதிர்வு ஒரு கணம் நிற்கும். இப்போது 'அம்பு' என்று சொல்லுங்கள். அதிர்வு நிற்பதில்லை. முதற்சொல்லில் பகர மெய் பிறக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை. இது ஒலிப்பிலா ஒலி. இரண்டாம் சொல்லில் அவை அதிர்கின்றன. இது ஒலிப்புடை ஒலி. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. அப்படியானால் நமக்கு ஏன் இரண்டு எழுத்துகள் இல்லை?

தமிழ்ச் சொற்களில் இவ்விரண்டும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் ஒலிப்பிலா ஒலி வரும். மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடை ஒலி வரும். இடமே ஒலியை முடிவு செய்வதால், இவ்வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. பொருளை வேறுபடுத்தும் ஒலியலகுக்கு ஒலியன் என்று பெயர். ஓர் ஒலியன் இடத்துக்கேற்பக் கொள்ளும் வடிவங்கள் மாற்றொலிகள். 'கல்', 'தங்கம்', 'மகன்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிப்பதைக் கவனியுங்கள்.

ஒலியனைக் கண்டறிய, ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொல்லிணையைத் தேட வேண்டும். 'பல்', 'கல்' என்பவை அத்தகைய இணை. ஆங்கிலத்தில் பன்றியைக் குறிக்கும் சொல்லும் 'பெரிய' என்று பொருள்படும் சொல்லும் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் இரண்டையும் 'பிக்' என்றுதான் எழுதுவோம். தமிழில் மாற்றொலிகளாக உள்ளவை ஆங்கிலத்தில் தனித்தனி ஒலியன்கள். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தை இங்கே தடுமாறினால் அது கவனக்குறைவு அன்று; தாய்மொழி பழக்கிய காதின் இயல்பு.

இந்த இயல்பு எல்லா மொழியினர்க்கும் பொது. அமெரிக்க மொழியியல் அறிஞர் எட்வர்டு சபீர் 1933-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். அமெரிக்கப் பழங்குடி மொழிகளுள் ஒன்றான தென் பையூட்டில், இரு உயிர்களுக்கு இடையே வரும் பகர மெய் இளகி ஏறக்குறைய வகரம்போல் ஒலிக்கும். அம்மொழி பேசும் ஓர் இளைஞரிடம் அத்தகைய சொல் ஒன்றை அசை பிரித்துச் சொல்லும்படி சபீர் கேட்டார். இளைஞரோ இரண்டாம் அசையையும் தெளிவான பகரத்தில் தொடங்கினார். வாய் ஒலித்தது மாற்றொலி. மனத்தில் இருந்தது ஒலியன்.

எழுத்துக்குப் பின்னால் உள்ள ஒலியை நம் இலக்கண நூலாரும் கூர்ந்து கவனித்தனர். தொல்காப்பியம் கூறும் சார்பெழுத்துகள் மூன்றனுள் ஒன்று குற்றியலுகரம். 'பந்து', 'பசு' இரண்டும் உகரத்தில்தான் முடிகின்றன. ஆனால் 'பந்து' என்பதன் உகரம் அரை மாத்திரையே ஒலிக்கும். 'பசு' என்பதில் தனிக்குறிலை அடுத்து வருவதால் முழுதாக ஒரு மாத்திரை ஒலிக்கும். ஆகவே 'ஐ' உருபு சேரும்போது 'பந்தை' என்றும் 'பசுவை' என்றும் ஆகின்றன. 'பந்துவை' என்று எழுதும் குழந்தை பசுவின் விதியைப் பந்துக்கும் நீட்டுகிறது. விதி அறிந்த ஆசிரியர் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால் போதும்.

'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதும் குழந்தையின் நிலை வேறு. பலருடைய பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. அக்குழந்தையின் வீட்டு வழக்கில் ஓர் ஒலியன் குறைவு, அவ்வளவே. 'உழவு', 'உளவு' போன்ற இணைகளை வாய்விட்டுச் சொல்லிக் காட்டி, முதலில் காதைப் பழக்க வேண்டும். 'கரை', 'கறை' ஆகியவற்றில் இம்முறை அவ்வளவாகப் பயன்படாது. இன்று பெரும்பாலோர் பேச்சில் இவை ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இங்கே சொல்லைப் பொருளோடு கண்ணால் கண்டு, பலமுறை எழுதி, நினைவில் நிறுத்துவதே வழி.

இவை மூன்றும் ஏட்டில் எழுத்துப் பிழையாகவே தோன்றும். ஆனால் ஒன்று விதியைப் பற்றியது. ஒன்று ஒலியனைப் பற்றியது. ஒன்று எழுத்தைப் பற்றியது. இவற்றைப் பிரித்தறியும் ஆசிரியர், வீட்டில் பேசும் பேச்சுக்காக எந்தக் குழந்தையையும் மந்தம் என்று ஒதுக்க மாட்டார்.