தாழ் தளர்ந்த றகரம்

“கறி, கரி இரண்டும் ஒரே மாதிரித்தானே கேட்கின்றன, எதற்கு இரண்டு எழுத்து?” என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டானாம். ‘அது பெரிய ற, இது சின்ன ர’ என்று சமாளித்துவிட்டு எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார் ஓர் ஆசிரியை.

வல்லின மெய் இரண்டு உயிர்களுக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்டால் தளர்ந்துவிடும். ‘கல்’ சொல்லிப் பாருங்கள். மூச்சு அடைபட்டுத் திறக்கும். ‘பகல்’ சொல்லும்போது பலர் வாயில் அது அடைபடுவதே இல்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவுக்கு இராத்திரியில்தான் தாழ். பகலில் ஆள் போய்வந்துகொண்டே இருப்பதால் அம்மா ஒருக்களித்தே வைத்திருப்பார். சில சமயம் கதவையே கழற்றிவிடுகிறோம்: ‘போகிறேன்’ போறேன் ஆகிறது, ‘மிகுதி’ மீதி ஆகிவிட்டது. லத்தீனில் நண்பன் ‘அமீக்குஸ்’. ஸ்பானியத்தில் ககரம் மெலிந்து ‘அமீகோ’. பிரெஞ்சில் அதுவும் போய் வெறும் ‘அமி’.

எனக்குப் பிடித்த விந்தை றகரம்தான். தனியே வந்தால் நாநுனி அதிரும் ஒலி. பின் ஏன் வல்லினத்தில் உட்கார்ந்திருக்கிறது? வீடு, வீட்டு ஆகிறது. ஆறு, ஆற்று ஆகிறது. டகரத்தின் நடத்தை அப்படியே இதற்கும். தொல்காப்பியரின் காது கூர்மை: ரகரத்துக்கு நாநுனி அண்ணத்தை வருடும் என்றவர், றகரத்துக்கு ஒற்றும் என்கிறார். ஒற்றினால் அடைப்பு. அந்த அடைப்பு தனி றகரத்தில் தளர்ந்துபோய், இரட்டித்த இடத்தில் மட்டும் தங்கியது. மலையாளிகள் ‘பேட்டரி’யை எழுதும்போது நடுவில் போடுவது ற்ற-தான். யாழ்ப்பாணத்து நண்பர் ‘வெற்றி’ சொன்னால் அதில் ரகர வாடையே இருக்காது. நாமோ உள்ளே ஒரு ரகரத்தைச் செருகி ‘வெற்ரி’ என்கிறோம்; செய்தி வாசிப்பவர்களும் அப்படித்தான்.

‘காத்து’, ‘சோத்துப்பானை’ என்று பேசும் கிழவியைப் பார்த்துச் சிரிக்கிறோம். இடம் பல்லுக்கு நகர்ந்திருக்கலாம். வல்லினத்தின் அடைப்பை விடாமல் வைத்திருப்பவர் அவர்தான். இலக்கணத்தைப் பரீட்சைக்கு உருப்போட வைக்கிறோமே தவிர, ஒரு பிள்ளையையாவது வாயைத் திறந்து நாக்கு எங்கே படுகிறது என்று பார்க்கச் சொல்கிறோமா?

டீச்சர், நாளைக்கு அந்தப் பையனைச் ‘சோறு’ என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு ‘சோற்றுப்பானை’யை அவன் பாட்டி எப்படிச் சொல்கிறார் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.